ஓடிப்போனவர் யார்? ஆங்கிலச் சொற்பிறப்பும் மலாக்காத் தோட்டத் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலாயாவுக்கு வந்த இந்தியப் பாட்டாளிகளைப் பற்றிக் காலனித்துவ அரசு வெளியிட்ட ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர், அவற்றில் மனிதர் எண்களாக நிற்பதைக் காண்பர். வந்தோர் எத்தனை பேர், தாயகம் திரும்பியோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்குகளுக்கு அருகில் இன்னொரு கணக்கும் இருக்கும். அதற்கு இடப்பட்ட ஆங்கிலத் தலைப்பு 'டெசர்ஷன்' என்பதாகும். அவ்வாறு கணக்கில் ஏறியவரைக் குறிக்க 'ஆப்ஸ்காண்ட்' என்னும் வினையும் அக்கால ஆவணங்களில் அடிக்கடி வரும். இவ்விரு சொற்களையும் நாம் தமிழில் 'ஓட்டம்' என்றோ 'தலைமறைவு' என்றோ பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம்.

அவ்வாறு கடந்து செல்வது சரியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஒருவர் ஓரிடத்தை விட்டு நீங்குவது ஒரு செயல். அச்செயலுக்கு எச்சொல்லை இடுகிறோம் என்பதில் அதனைப் பற்றிய தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓடிப்போதலைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றின் பிறப்பை ஆராய்ந்தால், சில சொற்கள் ஓடுபவரின் நிலையில் நின்று உருவானவை என்பதும், சில சொற்கள் துரத்துபவரின் நிலையில் நின்று உருவானவை என்பதும் தெரியவரும். தோட்டத் தொழிலாளர் சட்டங்கள் இவ்விரு வகைகளுள் எதனைத் தேர்ந்தன, அத்தேர்வு மலாக்கா போன்ற நிலப்பகுதியில் வாழ்ந்த தமிழருக்கு என்ன பொருளைத் தந்தது, அதனை இன்று நாம் எவ்வாறு தமிழில் எழுத வேண்டும் என்பனவற்றை இங்கு ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓடுபவரின் சொற்கள்

ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று 'ஃப்ளீ'. இது பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ளேயொன்' என வழங்கிய செர்மானிய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஆபத்திலிருந்து விலகி ஓடுதல் என்பதற்கு மேல் இச்சொல் எக்குற்றத்தையும் சுமத்துவதில்லை. இலத்தீனில் இதே பொருளைத் தரும் வினை 'ஃபூகெரே'. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 'ஃபியூஜிட்டிவ்' என்னும் சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. அதே வேரிலிருந்து 'ரெஃப்யூஜ்', அதாவது புகலிடம் என்னும் சொல்லும் வந்தது. 1685-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நாந்து அரசாணையை நீக்கியபின் நாட்டை விட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்தியரைக் குறிக்கவே 'ரெஃப்யூஜி' என்னும் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்களுள் ஒன்று காவலர் தேடும் ஆளையும், மற்றொன்று நாம் அடைக்கலம் தர வேண்டிய ஆளையும் குறிப்பது கருதத்தக்கது. ஓடும் செயலில் வேறுபாடு இல்லை. அதனைக் காண்பவரின் மனநிலையிலேயே வேறுபாடு உள்ளது.

'எஸ்கேப்' என்னும் சொல்லின் பிறப்பு சுவையானது. பிற்கால இலத்தீன் பேச்சுவழக்கில் 'எக்ஸ்கப்பாரே' என்றொரு வினை இருந்திருக்க வேண்டும் என்று சொற்பிறப்பியலார் கொள்வர். 'எக்ஸ்' என்பது வெளியே என்றும், 'கப்பா' என்பது மேலங்கி என்றும் பொருள்படும். பிடிக்க வந்தவன் மேலங்கியைப் பற்றிக்கொள்ள, உடையவன் அதனைக் கழற்றி விட்டுவிட்டு உடலோடு தப்பிப்போவதே இச்சொல் காட்டும் காட்சி. ஒருவர் தம்மிடம் இருந்ததை இழந்து தம்மை மீட்டுக்கொள்கிறார். இலண்டன் பேச்சுவழக்கில் ஓடிவிடுதலைக் குறிக்கும் 'ஸ்கார்ப்பர்' என்னும் சொல்லும் இதே வேரைச் சேர்ந்த இத்தாலியச் சொல்லான 'ஸ்கப்பாரே'யின் வழிவந்ததாகக் கொள்ளப்படுகிறது.

கரிபியன் தீவுகளில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர் கரும்புத் தோட்டங்களை விட்டு மலைக்காடுகளுக்குச் சென்று தனிச் சமூகங்களாக வாழ்ந்தனர். அவர்களை ஆங்கிலேயர் 'மரூன்' என்றழைத்தனர். இது 'சிமர்ரோன்' என்னும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. காட்டில் திரியும்படி விடுபட்டுப்போன வீட்டு விலங்கைக் குறிக்க அச்சொல் வழங்கியது. இழிவாக இடப்பட்ட அப்பெயரையே அம்மக்கள் தம் பெயராக ஏற்றனர். ஜமைக்காவில் 1739-ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. தோட்டத்தை விட்டு ஓடியவர் என்னும் பெயர் ஒரு மக்கட்குழுவின் பெருமைக்குரிய பெயராக மாறியதற்கு இதனைவிடச் சிறந்த சான்று இல்லை எனலாம்.

துரத்துபவரின் சொற்கள்

இனிச் சட்டம் விரும்பிய சொற்களைப் பார்ப்போம். 'ஆப்ஸ்காண்ட்' என்பது 'அப்ஸ்கோந்தெரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. 'கோந்தெரே' என்றால் சேர்த்து வைத்தல், சேமித்து வைத்தல் என்று பொருள். அதனோடு 'அப்ஸ்' என்னும் முன்னொட்டுச் சேரும்போது எடுத்து மறைத்தல் என்னும் பொருள் பிறக்கிறது. ஆகவே இச்சொல்லின் அடியில் இருப்பது ஓட்டம் அன்று; ஒளிப்பு. பொருளை ஒளிப்பவன் திருடன் என்பது போல, தன்னையே ஒளிப்பவனும் வேறு ஒருவருக்கு உரிய பொருளை ஒளித்தவன் என்னும் எண்ணத்திற்கு இச்சொல் இடம் தருகிறது. தொழிலாளியின் உடலும் உழைப்பும் முதலாளிக்கு உரியன என்று கொண்டால்தான் இக்குற்றச்சாட்டு பொருள்படும்.

'டெசர்ட்' என்னும் வினையின் வேர் 'தெசெரெரே' என்பது. 'செரெரே' என்றால் இணைத்தல், தொடுத்தல். 'தெ' என்னும் முன்னொட்டு அதனை எதிர்மறையாக்குகிறது. இணைப்பை அறுத்தல், கைவிடுதல் என்பது இதன் பொருள். கைவிடப்பட்ட நிலம் என்னும் பொருளில்தான் பாலைநிலத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டளவில் இவ்வினை படையை விட்டு நீங்கும் வீரனைக் குறிக்கப் பயன்பட்டது. படைவீரன் மன்னனுக்குச் சூளுரைத்தவன். போர்முனையில் உடன் நிற்போரைக் கைவிடுபவன். அவனுக்கு இட்ட சொல்லைப் பால்மரம் சீவும் தொழிலாளிக்கு இடும்போது, தோட்டம் ஒரு படைமுகாமாகவும் துரை ஒரு தளபதியாகவும் ஆகிவிடுகின்றனர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் 'பிரட்டு' என்னும் வழக்கும் படைகளின் 'பரேட்' என்னும் அணிவகுப்புச் சொல்லின் திரிபே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். இவ்விரு சொற்களும் ஒரே மனப்பாங்கிலிருந்து வந்தவை எனலாம்.

'எலோப்' என்னும் சொல்லும் சட்டத்தின் வழி வந்ததே. கணவனை விட்டு வேறொருவனோடு செல்லும் மனைவியைக் குறிக்க இங்கிலாந்தின் நார்மானியப் பிரெஞ்சுச் சட்டமொழியில் இச்சொல் வழங்கியது. அவ்வாறு சென்றவள் கணவன் சொத்தில் தனக்குள்ள பங்கை இழப்பாள் என்று 1285-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் விதித்தது. பிற்காலத்திலேயே காதலர் இருவர் சேர்ந்து செல்வதை அது குறிக்கலாயிற்று.

இவற்றோடு ஏளனமும் வியப்பும் கலந்த மூன்றாம் வகைச் சொற்களும் உள்ளன. 'போல்ட்' என்பது வில்லிலிருந்து பாயும் குறுங்கணையின் பெயர். அக்கணைபோல் திடீரெனப் பாய்தல் என்னும் பொருளில் அது வினையாயிற்று. மிரண்டோடும் குதிரைக்கும் தோட்டத்தை விட்டுச் செல்லும் கூலிக்கும் துரைமார் இவ்வொரு சொல்லையே பயன்படுத்தினர். 'டிகேம்ப்' என்பது பாசறையைக் கலைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். சொல்லாமல் கிளம்புவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடுப்பு' என்பர். பிரெஞ்சுக்காரரோ அதனையே 'ஆங்கிலேயர் முறையில் நழுவுதல்' என்பர். ஓடிப்போகும் இழிவைத் தம் தலையில் ஏற்க எந்த மக்களும் விரும்பவில்லை என்பது இதனால் விளங்கும்.

மலாக்காவின் பழைய சட்டமும் மலாய்ச் சொல்லும்

ஓடிப்போனவரைச் சட்டத்தால் கட்டும் வழக்கம் மலாக்காவுக்கு ஆங்கிலேயரோடு வந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான்கள் காலத்தில் உருப்பெறத் தொடங்கிய மலாக்காச் சட்டத்தொகுதி, ஓடிப்போன அடிமைகளைப் பற்றியும் அவர்களுக்கு அடைக்கலம் தருவோரைப் பற்றியும் விதிகளைக் கொண்டுள்ளது. அச்சட்டத்தொகுதி ஆளும் சொல் 'லாரி' என்பது. மலாய்மொழியில் அதற்கு ஓடுதல் என்பதே பொருள். அதிலிருந்து பிறந்த 'பெலாரியான்' என்னும் சொல் இன்றைய மலாய்மொழியில் அகதியைக் குறிக்கிறது. இலத்தீன் வேர் ஒன்றிலிருந்து தேடப்படுபவரும் புகலிடம் நாடுபவரும் பிறந்தது போலவே, மலாயிலும் ஓடிய அடிமைக்கும் அகதிக்கும் ஒரே அடிச்சொல் அமைந்துள்ளது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. சுல்தான்களின் சட்டம் அடிமையை அடிமை என்றே வெளிப்படையாகக் கூறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டமோ அடிமைமுறையை ஒழித்துவிட்டதாகக் கூறிக்கொண்டு, தன் விருப்பத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உரிமையுள்ள மனிதன் என்று தொழிலாளியை வருணித்தது. உரிமையுள்ள மனிதன் வேலையை விட்டு நீங்கினால் அதனை எவ்வாறு குற்றமாக்குவது என்னும் சிக்கல் எழுந்தது. அதற்கு விடையாக வந்தவையே 'டெசர்ஷன்' முதலிய சொற்கள்.

சட்டம் நடந்த வழி

வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் முதலில் ஆங்கிலேயத் தொழிலாளியின்மேல்தான் பாய்ந்தது. கொள்ளைநோயால் ஆட்கள் குறைந்து கூலி உயர்ந்தபோது, 1351-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் கூலியைக் கட்டுப்படுத்தியது. தவணைக்கு முன் வேலையை விடுவோரைத் தண்டித்தது. 1823-ஆம் ஆண்டின் எசமானர் பணியாளர் சட்டம், ஒப்பந்தத்தை முறித்த பணியாளருக்கு மூன்று மாதம்வரை கடுங்காவல் விதிக்க இடம் தந்தது. ஒப்பந்தத்தை முறித்த எசமானருக்கு அத்தகைய சிறைத்தண்டனை இல்லை. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்திற்குப் பின் 1875-ஆம் ஆண்டில் இங்கிலாந்து இவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதன்பின் அங்கே வேலையை விடுவது உரிமையியல் வழக்காக மட்டும் ஆயிற்று.

இங்கிலாந்தில் கைவிடப்பட்டது குடியேற்ற நாடுகளில் கைவிடப்படவில்லை. இந்தியாவில் 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டவரைத் தண்டித்தது. அதனை நீக்கும் சட்டம் 1925-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய தொழிலாளியைப் பிடியாணை இன்றியே பிடிக்கும் அதிகாரத்தை 1865-ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட முதலாளிகளுக்கு அளித்தது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867-ஆம் ஆண்டுவரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. 1872-ஆம் ஆண்டில் இந்திய அரசு இங்குத் தொழிலாளர் வருவதைச் சட்டப்படி ஏற்றது. 1876, 1884 ஆகிய ஆண்டுகளில் இங்கு இந்தியக் குடியேறிகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. இங்கிலாந்து தன் நாட்டுத் தொழிலாளிக்குத் தந்த உரிமையை, அதற்கடுத்த ஆண்டிலேயே தன் குடியேற்றச் சட்டத்தில் தமிழ்த் தொழிலாளிக்கு மறுத்தது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

ஒப்பந்தத் தொழிலாளியின் கப்பற்செலவும் முன்பணமும் அவர் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டன. அவர் வேலைக்கு வராத நாட்களும் சிறையிலிருந்த நாட்களும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. அதனால் ஓடிப் பிடிபட்டவரின் தவணை குறையாமல் நீண்டுகொண்டே சென்றது. காடு வெட்டித் திருத்தும் புதுத் தோட்டங்களில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பலரைக் கொன்றன. ஊரில் சொல்லப்பட்ட கூலிக்கும் இங்குக் கையில் கிடைத்த கூலிக்கும் வேறுபாடு இருந்தது. இவை அனைத்தும் ஓட்டத்திற்குக் காரணங்கள். ஆயினும் அறிக்கையின் ஒரு சொல் இக்காரணங்களை மறைத்து, ஓடிய செயலை மட்டும் நிறுத்தியது.

மலாக்காவின் நிலை

மலாக்காவின் தோட்ட வரலாற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களை நம்பித் தமிழர் வந்த காலத்தில், மலாக்காவின் உட்பகுதிகளில் சீனர்கள் மரவள்ளி பயிரிட்டுவந்தனர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காச் சீனரான தான் சாய் யான், தாவரவியலார் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதனை அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியது இந்த ரப்பர்க் காலத்திலேயாகும்.

அப்போது ஒப்பந்தமுறை தன் இறுதியை நெருங்கியிருந்தது. 1910-ஆம் ஆண்டில் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் கங்காணி வழியாக வந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் உரிமைத் தொழிலாளர்கள். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேலையை விட்டு விலக அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் அறிவிப்பின்றி நீங்கினால் அதற்குத் தண்டனை இருந்தது. அத்தண்டனை 1920-களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், கிராணியிடமும் துரையிடமும் சென்று விலகுவதாக அறிவித்துவிட்டு, அவர்களது கண்காணிப்பிலேயே மேலும் ஒரு மாதம் லயத்தில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனால் உரிமை தாளில் நின்றது. ஓட்டம் நடைமுறையில் நின்றது.

மலாக்காவின் நில அமைப்பும் இதற்கு உதவியது. இம்மாநிலம் சிறியது. கெசாங் ஆற்றைக் கடந்தால் ஜொகூர். புக்கிட் அசகானுக்கு அப்பால் லேடாங் மலையடிவாரமும் ஜொகூர், நெகிரி செம்பிலான் எல்லைகளும் உள்ளன. 1905-ஆம் ஆண்டில் தம்பினுக்கும் மலாக்கா நகருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தம்பினைத் தாண்டினால் கூட்டுமலாய் மாநிலங்களின் ஆட்சி. ஆகவே ஓர் இரவு நடையில் ஒருவர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் சென்றுவிட முடிந்தது. அப்பக்கத்திலும் ரப்பர்த் தோட்டங்களே இருந்தன. அவற்றிற்கும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

இங்குதான் நாம் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஓடியவர்களுள் பெரும்பாலோர் உழைப்பிலிருந்து ஓடவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கோ, சாலை இரயில் வேலைகளுக்கோ, நகரத்திற்கோ சென்றனர். அவர்கள் செய்தது வேலைமாற்றம். இதனை முதலாளிமாரும் அறிந்திருந்தனர் என்பதற்குக் 'கிரிம்ப்' என்னும் ஆங்கிலச் சொல்லே சான்று. கப்பல்களுக்கு மாலுமிகளை ஏமாற்றிப் பிடித்துத் தருவோரைக் குறித்த இச்சொல், மலாயாவில் ஒரு தோட்டத்தின் ஆட்களை மற்றொரு தோட்டம் ஆசைகாட்டி இழுப்பதைக் குறிக்கலாயிற்று. நீரிணைக் குடியேற்றங்களில் 1877-ஆம் ஆண்டிலேயே இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட சட்டமும் இயற்றப்பட்டது. தொழிலாளி தானே சென்றால் 'டெசர்ஷன்'. பிறர் அழைத்துச் சென்றால் 'கிரிம்பிங்'. முன்னதில் அவர் குற்றவாளி. பின்னதில் அவர் களவுபோன பொருள். கூடுதல் கூலிக்காகத் தாமே எண்ணி முடிவெடுத்த மனிதர் என்பதற்கு இவ்விரு சொற்களிலும் இடமில்லை.

1907-ஆம் ஆண்டில் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி இந்நிலையை ஓரளவு மாற்றியது. தோட்டங்கள் தத்தம் ஆட்களின் வேலைநாட்களுக்கு ஏற்ப இந்நிதிக்குப் பணம் செலுத்தின. கப்பற்செலவு அதிலிருந்து தரப்பட்டதால், வந்த தொழிலாளியின் தலையில் அக்கடன் விழவில்லை. ஒருவர் நீங்கினால் ஒரு குறிப்பிட்ட தோட்டத்திற்கு நேரும் இழப்பும் குறைந்தது. ஓட்டத்தின்மேல் சட்டம் கொண்ட சினம் தணிந்ததற்கு அறவுணர்வு மட்டும் காரணம் அன்று. கணக்கு மாறியதும் ஒரு காரணம் என்று கொள்வதே பொருந்தும். எனினும் கங்காணியின் நிலை வேறு. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் போனால் காசும் போகும். எனவே சட்டம் கைவிட்ட காவலைக் கங்காணியின் கடனும் உறவுமுறையும் ஊர்க்கட்டும் தொடர்ந்து நடத்தின.

தமிழின் சொற்கள்

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் போரில் ஓடுபவனுக்குப் புறங்காட்டுதல், புறமுதுகிடுதல் என்னும் கடுஞ்சொற்கள் உண்டு. ஆனால் தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாது நீங்கிச் செல்வதை அகமரபு 'உடன்போக்கு' என்றது. தொல்காப்பியம் 'கொண்டுதலைக்கழிதல்' என்றது. இச்சொற்களில் குற்றம் இல்லை. தேடிச் செல்லும் செவிலிக்கு வழியில் கண்டோர் ஆறுதல் கூறுவதும், அப்பெண் செய்தது அறமே என்று உணர்த்துவதும் சங்கப் பாடல்களின் துறைகளாகவே அமைந்துள்ளன. ஆங்கிலச் சட்டம் சொத்துரிமை இழப்பைக் கண்ட இடத்தில் தமிழ் அகமரபு ஒரு திணையொழுக்கத்தைக் கண்டது. ஆயினும் பிற்காலத் தமிழ்ப்பேச்சு வழக்கு அவ்வாறு செல்லும் பெண்ணுக்கு 'ஓடுகாலி' என்னும் வசையை இட்டுவிட்டது. ஆகவே தமிழ் எப்போதும் ஓடுபவர் பக்கமே நின்றது என்று நாம் பெருமை பேசுவதற்கில்லை.

'தலைமறைவு' என்னும் சொல் 'ஆப்ஸ்காண்ட்' என்பதற்கு மிக நெருங்கியது. இரண்டிலும் மறைத்தலே மையம். காவல்துறைச் செய்திகளில் இச்சொல் நிலைபெற்றதற்கு இதுவே காரணமாகலாம். 'கம்பி நீட்டுதல்', 'நழுவுதல்' ஆகியவை ஏளனம் கலந்த மூன்றாம் வகையைச் சேர்வன.

'தப்பு' என்னும் சொல்லே இவற்றுள் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. வினையாக அது பிழைத்து நீங்குதலையும் தவறுதலையும் குறிக்கும். பெயராக அது குற்றத்தைக் குறிக்கும். குறி தவறிய அம்பும் தப்பியதுதான். அந்த அம்பிலிருந்து பிழைத்த மானும் தப்பியதுதான். எய்தவனுக்குத் தவறாக இருப்பது மானுக்கு உயிராக இருக்கிறது. ஆங்கிலம் 'எஸ்கேப்' என்றும் 'டெசர்ட்' என்றும் இருவேறு சொற்களாகப் பிரித்து வைத்த இரு பார்வைகளும் தமிழில் இவ்வொரு சொல்லில் சேர்ந்து நிற்கின்றன. தோட்டத்தை விட்டுத் தப்பியவர் செய்தது தப்பா என்னும் கேள்வியை நம் மொழியே நம்மிடம் கேட்கிறது எனலாம்.

பொருள் மாறிய காலம்

சொல்லின் தீர்ப்பு எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு 1942-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டுவரை நீடித்த சப்பானியர் ஆட்சி சான்றாகும். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். நல்ல கூலி என்னும் சொல் முதலில் வந்தது; பின்னர்க் கட்டாயம் வந்தது. 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிவதற்குள் காலராவும் பட்டினியும் அடியும் எண்ணற்றோரைக் கொன்றன. ஆள்பிடிப்பவர் வரும்போது ரப்பர்க் காட்டிலும் புதரிலும் ஒளிந்தவர்களை எந்தத் தமிழரும் குற்றவாளி என்று கருதியதில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் அக்கொடுமையை நம் இலக்கியத்தில் நிலைநிறுத்தியுள்ளது.

அன்று காட்டில் ஒளிந்தவரும், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கெசாங் ஆற்றைக் கடந்தவரும் செய்த செயல் ஒன்றே. தம்மை வேலைவாங்க உரிமை கொண்டாடியவரிடமிருந்து அவர்கள் விலகினர். முன்னவரைத் தப்பியவர் என்று போற்றுகிறோம். பின்னவரை மட்டும் ஓடுகாலியாக அறிக்கையின் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறோம். இரு கொடுமைகளும் ஒரே அளவின என்று நாம் கூறவில்லை. ஆனால் ஓட்டத்தின் நியாயத்தை ஓடச் செய்த நிலைமையைக் கொண்டே அளக்க வேண்டும் என்னும் அளவுகோல் இரண்டிற்கும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

விடுதலைக்கு முன் இயற்றப்பட்ட 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், முன் அனுமதியின்றியும் தக்க காரணமின்றியும் தொடர்ந்து இரண்டு வேலைநாட்களுக்கு மேல் வராத தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது. அது சிறைக்குரிய குற்றம் அன்று. தமிழ்த் தொழிலாளியைப் பொறுத்தவரை அப்பழைய சொல் இவ்வாறு தன் வலிமையை இழந்தது. ஆனால் நம் பாட்டன்மார் விட்டுச்சென்ற தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அச்சொல் விடவில்லை. அவர்களுள் ஒருவர் வேலையிடத்தை விட்டு நீங்கினால், 'ஓடிவிட்டார்' என்று முதலாளி குடிநுழைவுத் துறைக்கு அறிவிக்கிறார். அவ்வறிவிப்போடு அவரது தங்கும் உரிமையும் ஆபத்துக்குள்ளாகிறது. கூலி கிடைக்காமல் விலகினாரா, அடிபட்டு விலகினாரா என்பது 'லாரி' என்னும் அச்சொல்லில் தெரிவதில்லை. நாளிதழில் அத்தகைய செய்தியைப் படிக்கும் நாம், ஒரு நூற்றாண்டுக்கு முன் நம்மவரைப் பற்றி எழுதப்பட்ட வரிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். ஆங்கிலத்தில் ஓடிப்போதலைக் குறிக்கும் சொற்கள் ஒரு பொருட்பன்மொழிகள் அல்ல. மேலங்கியைக் கழற்றிப் பிழைத்தவரையும், பிறர் பொருளை ஒளித்தவரையும், இணைப்பை அறுத்தவரையும் அவை வேறுவேறாகக் காட்டுகின்றன. குடியேற்றத் தொழிலாளர் சட்டங்கள் இவற்றுள் துரத்துபவரின் சொற்களையே எடுத்துக்கொண்டன. இங்கிலாந்து 1875-ஆம் ஆண்டில் கைவிட்ட குற்றத்தைத் தமிழ்த் தொழிலாளியின்மேல் மேலும் அரை நூற்றாண்டுக்கு நிலைநிறுத்த அச்சொற்கள் துணைநின்றன.

ஆகவே பழைய ஆவணங்களைத் தமிழாக்கும் ஆய்வாளரும் வகுப்பில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் 'டெசர்ஷன்' என்பதைத் 'தலைமறைவு' என்று பெயர்ப்பதைத் தவிர்த்தல் நலம். 'தோட்டத்தை விட்டு நீங்கியோர். அக்காலச் சட்டம் இதனைக் குற்றமாகக் கொண்டது' என்று விரித்து எழுதலாம். சொற்கள் சில கூடும். ஆனால் தீர்ப்பு கூறியவர் யார் என்பது மாணவருக்குத் தெளிவாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வரும் இக்காலத்தில், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் முதியோரிடம் சென்று, தம் முன்னோர் எத்தோட்டத்திலிருந்து எத்தோட்டத்திற்கு, எதனால் சென்றனர் என்று கேட்டுப் பதிவுசெய்வதும் நம் கடமையாகும். ஆண்டறிக்கை அவர்களது பெயரை எழுதவில்லை. எண்ணை மட்டுமே எழுதியது. அவர்கள் சென்ற காரணத்தை அறிந்த குடும்பங்கள் இன்னும் இங்கு வாழ்கின்றன. அக்காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே, ஓடிப்போனவர் யார் என்னும் வினாவுக்கு நாம் நேர்மையான விடையை எழுத முடியும்.